நாற்பத்து மூன்றாம் கட்டில்

எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நாற்பத்திரண்டு கட்டில்கள். நாற்பத்து மூன்றாவது கட்டிலில் ஒருவர் ஏழு மாதத்துக்கு மேல் படுத்திருந்தார். அவருக்குத் தூக்கக் குறைவு, ஞாபகக் குறைவு, விழும் அபாயம், இயலாமை உணர்வு என்று சீக்கு பலவாக இருந்தது. இருந்தும் ஒரு டாக்டர்கூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அவரைத் தினம் கவனித்துக்கொண்ட ஒரே ஆள், வார்டுப் பொறுப்பு நர்ஸ் சோசம்மா.

சோசம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முண்டக்கயத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவரின் மூத்த மகள். அவர் நர்ஸிங் படிக்கப் போனதற்குக் காரணம், கீழே இருந்த மூன்று வயிறுகள். கேரளத்தில் எங்கள் பாலா ஊர்ப் பக்கத்தில் பாதி வீடுகளின் சரித்திரம் இதுதான். டில்லியில் ஆறு வருடம், சவுதியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். தம்பிக்கு வீடு, தங்கைகளுக்குப் படிப்பும் கல்யாணமும் முடிந்த பிறகு, மூட்டுவலியோடு ஊர் திரும்பி எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான் அங்கே ஆவண அறையில் வேலை பார்த்தேன். இறந்தவர், குணமானவர், ஓடிப்போனவர் எல்லோருடைய தாள்களும் கடைசியில் என்னிடம்தான் வரும்.

மே மாதம் நர்ஸ்கள் தினத்தன்று நிர்வாகம் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியும் ஒரு துண்டு கேக்கும் கொடுக்கும். ரப்பர் வியாபாரத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த எங்கள் முதலாளி, "நீங்க தேவதைகள்" என்று பேசுவார். இளம் நர்ஸ்கள் கைதட்டுவார்கள். சோசம்மா கேக்கைத் தின்றபடி பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வார்:

"தேவதைன்னு கூப்பிடுறவன்கிட்ட ஜாக்கிரதையா இரு மோளே. தேவதைக்குப் பசிக்காது, மூத்திரம் முட்டாது, லீவும் வேண்டாம்."

ஒரு மழைக்காலத்தில் முதலாளிக்குத் தரச் சான்றிதழ் மீது ஆசை வந்தது. அதை வாங்கக் கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் நோயாளியின் விவரம் முழுவதும் இருக்க வேண்டும். அதற்காக டின்டோ என்று ஒரு இளைஞர் தர மேலாளராக நியமிக்கப்பட்டார். நிர்வாகப் படிப்பு படித்தவர், சுத்தமான சட்டை போடுகிறவர். வார்டுக்குள் கால் வைத்தால் வாடை வரும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

சாஃப்ட்வேரோடு ஒரு பட்டியலும் வந்தது. ஒரு நர்ஸ் ஒரு நோயாளியிடம் காணக்கூடிய பிரச்சினைகள் இருநூற்றுச் சொச்சம், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலைகள், எதிர்பார்க்கும் பலன்கள். எல்லாவற்றுக்கும் உலகத்துக்கே பொதுவான ஒரு பெயர், ஓர் எண்.

பயிற்சி வகுப்பு மாடியில் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர், செய்து காட்டுவதற்காக ஒரு பொய் நோயாளியை உண்டாக்கினார். வயது ஐம்பது, ஆண்கள் வார்டு, கட்டில் எண் நாற்பத்து மூன்று. நிஜ நோயாளியோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் இல்லாத கட்டிலைக் கொடுத்தார். நர்ஸ்கள் உடனே அவருக்கு, எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெரிய மனிதர்களைக் கூப்பிடுவது போல, 'அச்சாயன்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

டின்டோ எழுந்து முழங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இனிமே 'பேஷன்ட் சுகமா இருக்கார், கஞ்சி குடிச்சார்'னு கதை எழுதுற வேலையே வேண்டாம். லிஸ்ட்ல இருக்கிறத க்ளிக் பண்ணுங்க. லிஸ்ட்ல இல்லன்னா அது நடக்கவே இல்ல."

"நான் இப்பத்தான் மூக்கைச் சொறிஞ்சேன் சாரே. அது நடந்துச்சா, இல்லையா?" என்றார் சோசம்மா.

சிரிப்பு அடங்கியபின் அவர் பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சக்திப் புலச் சீர்குலைவு. இது என்ன சாரே?"

"அது... உடம்பைச் சுத்தி ஒரு எனர்ஜி இருக்கு சேச்சி. அது கலைஞ்சு போறது."

"எதுல அளக்கணும்? பி.பி. மெஷின்லயா, தெர்மாமீட்டர்லயா?"

"கையை உடம்புக்கு மேல இப்படி ஆட்டிப் பாத்தா தெரியுமாம்."

"ஈ விரட்டுற மாதிரி?"

டின்டோ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இருநூறு நல்ல சொற்களுக்கு நடுவே இப்படி ஒரு மந்திரவாதச் சொல்லும் புகுந்து உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மூடநம்பிக்கைக்கு நம் ஊரில் எண் கொடுத்து இருக்கையும் கொடுப்பார்கள். உள்ளூர் மந்திரவாதிக்குத்தான் அந்த யோகம் இல்லை.

ஆனால் அன்று மாலை சோசம்மா என் அறைக்கு வந்து அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தரச் சொன்னார். கட்டன் காபியும் பழம்பொரியுமாக உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படித்தார்.

"அண்ணாச்சி, இதப் பாத்தீங்களா? முப்பது வருஷமா நான் செஞ்சதுக்கெல்லாம் பேர் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னால பயந்து நடுங்குறவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போமே, அதுக்கும் ஒரு பேரு, ஒரு நம்பரு!"

"சந்தோஷம்தானே சேச்சி?"

"பின்ன? டாக்டர் தும்மினாக்கூட லத்தீன்ல பேர் வச்சிருக்கான். நாங்க செய்யறது மட்டும் பேரில்லாம, ரூம்ல ஃபேன் சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு."

அவர் சொன்னது நியாயம். பெயரில்லாத உழைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்காததைக் கேட்டு வாங்கவும் முடியாது. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நர்ஸ்கள்தான். தங்கள் வேலையை உலகத்தின் கண்ணுக்குக் காட்டத்தான் எழுதினார்கள். அதே பட்டியல் முதலாளி கைக்குப் போனால் சாட்டையாகும் என்பதை அவர்கள் யோசித்திருப்பார்களோ, என்னவோ.

சாட்டை ஒரு வாரத்தில் விழுந்தது. ஒரு நோயாளிக்கு 'தோல் புண்ணாகும் அபாயம்' என்று சொடுக்கினால், 'இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்' முதலான பத்து வேலைகள் திரையில் சிவப்புக் கட்டங்களாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் டிக் போட்டால் பச்சையாகும். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தாலும் ஷிஃப்ட் முடியாது. ஷிஃப்ட் முடியாவிட்டால் அன்று வேலைக்கு வந்ததாகவே பதிவாகாது. நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ். காலை எட்டு மணி முதல் மதியம் இரண்டு மணிவரை அவர்கள் செய்ய வேண்டியது ஆயிரத்துச் சொச்சம் கட்டம்.

செய்ய முடியாததற்குக் காரணம் சொல்லவும் வழி இருந்தது. ஒரு சிறு பட்டியல் விரியும். நோயாளி மறுத்தார். நோயாளி கட்டிலில் இல்லை. டாக்டர் மாற்றிச் சொன்னார். நோயாளி இறந்தார்.

சோசம்மா நேராக டின்டோவின் அறைக்குப் போனார்.

"சாரே, அஞ்சாவதா ஒண்ணு சேக்கணும். 'செய்ய ஆள் இல்ல.'"

"அதை எப்படி சேச்சி சேக்க முடியும்? அப்படி ஒரு நம்பர் உலகத்துலயே இல்ல."

"உலகத்துல இல்லாம இருக்கலாம். நம்ம வார்டுல இருக்கே."

டின்டோ சிரித்து, சாஃப்ட்வேரில் ஒரு சலுகை இருப்பதைக் காட்டினார். திரையின் அடியில் 'அனைத்தும் செய்யப்பட்டது' என்று ஒரு பொத்தான். ஒரே அழுத்தில் ஆயிரம் சிவப்பும் பச்சையாகிவிடும். அழுத்து என்று அவர் வாயால் சொல்லவில்லை. பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டினார்.

எல்லோரும் அழுத்தினார்கள். சோசம்மாவும் அழுத்தினார். வார்டு கெட்டுப்போகவும் இல்லை; அதற்குக் காரணம் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாரும் தனியாக ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. பெண்டாட்டியோ மகளோ மருமகளோ ஃபிளாஸ்க், பாய், வாளியோடு கூட வந்து கட்டிலுக்கடியில் குடியேறுவார்கள். கூட்டிருப்புக்காரர் என்று அவர்களுக்குப் பேர். திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் செய்ததெல்லாம் நர்ஸ் பெயரில் பச்சையாகிக்கொண்டிருந்தது. டின்டோவின் அறையில் பெரிய திரையில் ஆஸ்பத்திரி முழுவதும் புல்வெளி மாதிரி இருந்தது.

மூன்றாவது மாதம் அவுசேப் என்ற ஒரு கிழவர் நண்பகல் பன்னிரண்டு பத்துக்கு இறந்தார். அவர் ஆவணத்தைக் கோக்கும்போது எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. பன்னிரண்டரைக்கு அவரை இடதுபக்கம் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு மணிக்கு ஆழமாக மூச்சு விடும் பயிற்சி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பலன் என்ற இடத்தில், 'நோயாளி சரியாகச் செய்து காட்டினார்' என்று இருந்தது. கையெழுத்து சோசம்மாவுடையது.

நான் அதை அவரிடம் காட்டினேன். கேலி செய்யத்தான் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"செத்தவருக்கு மூச்சு விடக் கத்துக்குடுத்திருக்கேன் அண்ணாச்சி."

அன்றோடு அந்தப் பொத்தானை அவர் தொடவில்லை. செய்ததற்கு மட்டும் டிக். செய்யாதது சிவப்பு. அதன் பலனாக அவருடைய ஷிஃப்ட் முடியவே இல்லை. பதினோரு நாள் வார்டில் நின்று வேலை செய்துகொண்டே வராதவராக இருந்தார். பன்னிரண்டாம் நாள் டின்டோவே தன் அறையில் இருந்தபடி, பொறுப்பு நர்ஸ்களுக்கு மட்டும் வருகையைத் தனியாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சிவப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. புல்வெளியில் ஒரு மூலை காய்ந்திருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த நாட்களில்தான் சோசம்மா அச்சாயனைத் திறந்தார்.

பயிற்சியாளர் ஊருக்குப் போகும்போது பொய் நோயாளியை அழிக்க முயன்று தோற்றிருந்தார். ஒரு முறை பதிவானதை அழிக்கவே முடியாது என்பதுதான் அந்த சாஃப்ட்வேரின் பெருமை. சோசம்மா அவருக்கு முதல் நாள் எழுதிய பிரச்சினை, பட்டியலில் உள்ளதே: 'பராமரிப்பவரின் பொறுப்புச் சுமை.' காரணம் என்ற கட்டத்தில், 'நோயாளிகள் 41, நர்ஸ்கள் 2.' எட்ட வேண்டிய இலக்கு, 'ஷிஃப்டுக்கு நர்ஸ்கள் 6.' பலனுக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். ஒன்று போட்டார்.

கூட இருந்த ஜிஸ்மி எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வயது, ஜெர்மன் மொழித் தேர்வு தேறியவள். அங்கே வேலையும் உறுதியாகி, ஏழெட்டு மாதத்தில் புறப்படக் காத்திருந்தாள்.

"யாரு சேச்சி இந்த பேஷன்ட்?"

"நம்ம ஆஸ்பத்திரிதான் மோளே. நோய் முத்திப்போச்சு. வாயால சொன்னா யாரும் கேக்கல. நம்பர் போட்டுச் சொல்லிப் பாக்கலாம்."

அதிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் அச்சாயனுக்கு ஒரு பதிவு. டிரிப் ஏற்றும் கம்பிகள் போதாத அன்று 'நீர்ச்சத்துக் குறைவு'. லிஃப்ட் நின்ற அன்று 'நடமாட்டத் தடை'. முதலாளி போன வருடம் கொடுத்த வாக்கை மறந்தபோது 'ஞாபகக் குறைவு'. சோசம்மா விடுப்பில் போனால் வேறு யாராவது எழுதுவார்கள். வார்டுக்கே அது பழக்கமாகிவிட்டது.

மேலே ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் எண்ணினார்கள். வார்டு நிரம்பிய நாட்களில் நாற்பத்திரண்டு கட்டிலில் நாற்பத்து மூன்று பேர் என்று கம்ப்யூட்டர் சொன்னது. டின்டோ அதை மாதக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். நூற்றிரண்டு சதவீதம் நிரம்பிய வார்டு! முதலாளி எழுந்து கைகொடுத்தாராம்.

ஒரு நாள் சோசம்மா 'ஆன்மிகத் துயரம்' என்று சொடுக்கிவிட்டார். அந்தச் சொல்லுக்கு ஆஸ்பத்திரிப் பாதிரியாரின் கைபேசிக்குத் தானாகத் தகவல் போகும் என்பது அவருக்குத் தெரியாது. அரை மணியில் பாதிரியார், நோயாளிக்கு ஜெபித்துப் பூசும் எண்ணெய்ச் சிமிழோடு வந்து நின்றார்.

"எங்கம்மா, நாற்பத்து மூணு?"

சோசம்மா சுவரோரம் இருந்த துணி அலமாரியைக் காட்டினார்.

"இதா?"

"கட்டில் போட இடமில்ல ஃபாதர். எண்ணெயை வீணாக்காதீங்க. மாடியில முதலாளி ரூம் இருக்கு, அங்க கொஞ்சம் பூசிட்டுப் போங்க."

பாதிரியார் நல்ல மனிதர். ஒரு டீ குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

குஞ்சுவர்க்கி வந்தது அடுத்த மாதம். எழுபத்தெட்டு வயது, மழையில் ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். மனைவி இல்லை. ஒரே மகன் தோஹாவில். கூலிக்கு அமர்த்திய ஆள் இரண்டாம் நாளே ஓடிப்போனான். வார்டு முழுவதும் தேடினாலும் கூட்டிருப்புக்காரர் இல்லாத ஒரே ஆள் அவர்தான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, சோசம்மா கேட்டுக்கொண்டதால், தன் புருஷனைத் திருப்பும்போது இவரையும் திருப்பிப் போட்டாள். பத்து நாளில் அவள் புருஷனுக்குக் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். அவளோடு குஞ்சுவர்க்கியின் முதுகுக்கு இருந்த இரண்டு கைகளும் போய்விட்டன. சோசம்மாவுக்கு அது உறைக்கவில்லை. அந்த வாரம் அவர் வார்டின் முன்பாதியில் ஓடிக்கொண்டிருந்தார். பின்பாதி ஜிஸ்மியுடையது.

ஆறாம் நாள் மகன் தோஹாவிலிருந்து வந்து போர்வையை விலக்கினான். முதுகெலும்பின் அடியில் ஏழு சென்டிமீட்டருக்குப் புண். அவன் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

"என் அப்பனை விறகு மாதிரி போட்டு வச்சிருக்கீங்களேடா! பேப்பர்ல போடுறேன், கோர்ட்டுக்குப் போறேன்!"

நிர்வாகம் ஆவணத்தைப் பார்த்தது. ஆறு நாளும் இரண்டு மணிக்கொரு முறை திருப்பியதாகப் பச்சை பச்சையாக டிக், ஜிஸ்மியின் பெயரில். மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. ஷிஃப்டுக்கு ஆறு நர்ஸ்கள் பணியில் இருந்தும் கடமை தவறினார், பொய்ப் பதிவு செய்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. முடிவு நர்ஸிங் கவுன்சிலுக்கு அனுப்பப்படும். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். கவுன்சில் பதிவை ரத்து செய்தால் ஜெர்மனி இல்லை. கோட்டயத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போடக்கூட முடியாது.

ஜிஸ்மி துணி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

"ஆறு பேர்னு எழுதியிருக்காங்க சேச்சி. ஆறு பேர் எங்க இருந்தாங்க?"

"தரச் சான்றிதழுக்காரங்களுக்குக் காட்ட ஒரு அட்டவணை தனியா எழுதி வச்சிருக்காங்க. அதுல ஆறு பேர்."

"நான் டிக் போட்டது... பொய்தான். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிக்கலன்னா வரலன்னு போட்டுடுவாங்கன்னு..."

"பொய்தான். அந்தக் கிழவர் முதுகு ஓட்டையானதுல உனக்கும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. அத மறைக்க நான் வர மாட்டேன்" என்றார் சோசம்மா. "ஆனா அந்தப் பொய்ய உன் கையில குடுத்தது யாருன்னு சொல்லாம விடவும் மாட்டேன். மூக்கைச் சிந்து. முப்பத்தஞ்சாம் கட்டில்ல டிரிப் தீரப் போகுது."

அந்த வெள்ளிக்கிழமை காலைதான் தரச் சான்றிதழ் ஆய்வும். புனேயிலிருந்து டாக்டர் கானிட்கர் என்ற அம்மாள் வந்திருந்தார். ஒல்லியாக, நரைத்த தலையோடு, கொடுத்த முந்திரிப்பருப்பைத் தொடாதவர். டின்டோ பெரிய திரையைக் காட்டினார். அம்மாள் புல்வெளியைச் சற்று நேரம் ரசித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்க ஆஸ்பத்திரியில ரொம்ப நாளா படுத்திருக்கிற நோயாளி யாரு?"

டின்டோ ஒரு பொத்தானைத் தட்டினார். ஆண்கள் வார்டு, கட்டில் நாற்பத்து மூன்று, இருநூற்றுப் பதினோரு நாள்.

"இருநூத்திப் பதினோரு நாளா! டாக்டர் குறிப்பு ஒண்ணுகூட இல்லையே. நர்ஸ் பதிவு மட்டும் முந்நூத்துக்கு மேல இருக்கு. நான் இவரைப் பாக்கணும்."

"கண்டிப்பா மேடம். எங்க நர்ஸ்களோட அர்ப்பணிப்பைப் பாருங்க" என்றார் டின்டோ.

வார்டுக்குள் அவர் வருவது அதுவே முதல் முறை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கட்டில்களை எண்ணிக்கொண்டு போனார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அடுத்து துணி அலமாரி. அதைச் சுற்றிப் பின்னால் எட்டிப் பார்த்தார். திரும்ப முன்னால் வந்தார்.

சோசம்மா அப்போது குஞ்சுவர்க்கியின் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். அவருக்கு டில்லி ஹிந்தி உண்டு. டின்டோவுக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு பெண்களும் பேசப் பேச அவர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே நின்றார்.

"நாற்பத்து மூணாம் நோயாளி எங்கம்மா?"

"நீங்க நிக்கிற கட்டடம்தாங்க. அவருக்கு நான் எழுதினது எல்லாம் உங்க பட்டியல்ல இருக்கிற சொல்லுதான். சொந்தமா ஒண்ணும் எழுதல."

"மருத்துவ ஆவணத்துல விளையாடுறது தப்புன்னு தெரியாதா?"

"தெரியும். நிஜ நோயாளிங்க ஆவணத்துல விளையாட வேண்டாம்னுதான் இல்லாத நோயாளிகிட்ட உண்மைய எழுதினேன். இங்க எல்லாம் தலைகீழ். இருக்கிறவங்களைப் பத்தி எழுதியிருக்கிறதுதான் பொய்."

அம்மாள் தன் கையிலிருந்த கணினியில் பதிவுகளைப் பார்த்தார். ஒவ்வொரு ஷிஃப்ட், தேதி, மணி. நோயாளிகள் 41, நர்ஸ்கள் 2. நோயாளிகள் 39, நர்ஸ்கள் 2. நோயாளிகள் 42, நர்ஸ் 1.

"இவர் யாரு?" என்று குஞ்சுவர்க்கியைக் காட்டிக் கேட்டார்.

"இவருக்காகத்தான் இன்னைக்கு நாலு மணிக்கு ஒரு சின்னப் பொண்ணோட பதிவைப் பறிக்கப் போறாங்க. நீங்க கிளம்பினப்புறம். ஒண்ணு மட்டும் பாருங்க. இந்த வார்டுல தானா திரும்பிப் படுக்க முடியாதவங்க ஒம்பது பேர். எட்டுப் பேர் முதுகைத் திறந்து பாருங்க, ஒரு கீறல் இருக்காது. அந்த எட்டுப் பேர் பக்கத்துலயும் பெண்டாட்டியோ மகளோ இருக்கா. இவருக்கு மட்டும் யாரும் இல்ல, இவருக்கு மட்டும் புண்ணு. நான் சிவப்பா விட்டது போக, ஒம்பது பேருக்கும் நர்ஸ் திருப்பினதாத்தான் டிக் இருக்கு. நாங்க ஒருத்தரைக்கூடத் திருப்பலங்க. திருப்ப முடியல."

கானிட்கர் அம்மாள் எட்டுக் கட்டிலுக்கும் போய்ப் பார்த்தார். கட்டிலடியில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து போர்வையை விலக்கிக் காட்டினார்கள். ஒருத்தி, தன் மாமியாரைவிட நன்றாகத் தன்னால் திருப்ப முடியும் என்று பெருமையோடு செய்தும் காட்டினாள்.

குஞ்சுவர்க்கிக்கு ஹிந்தி புரியாது, விஷயம் புரிந்தது. டின்டோவைக் கூப்பிட்டார்.

"மோனே, அந்தப் பொண்ண ஒண்ணும் செஞ்சுடாதீங்க. தண்ணி கேட்டா ஓடி வந்து குடுத்துட்டு ஓடும். ஓடுறவளைப் பிடிச்சு நிறுத்தி, என்னைத் திருப்பிப் போடுன்னு எப்படிச் சொல்றது?"

அரை மணி கழித்து என் அறைத் தொலைபேசி அடித்தது. மூன்று மாதமாக ஆண்கள் வார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்த நர்ஸ்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார் அம்மாள். ஐந்து நிமிடத்தில் டின்டோவும் அடித்தார்.

"அண்ணாச்சி, பிரிண்டர் ரிப்பேர்னு சொல்லிடுங்க."

பிரிண்டருக்கு ஒரு சீக்கும் இல்லை. பதினான்கு பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஷிஃப்டிலும் இரண்டு பெயருக்கு மேல் இல்லை.

அம்மாள் ஆறு பெயர் எழுதிய அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டின்டோவைப் பார்த்தார்.

"மீதி நாலு பேர் எங்க?"

"அவங்க... லாகின் பண்ணாம வேலை பாத்திருப்பாங்க மேடம்."

சுவரில் டின்டோவே அடித்து ஒட்டிய பெரிய தாளை அம்மாள் காட்டினார். 'பதிவில் இல்லையென்றால் நடக்கவே இல்லை.'

நாலு மணிக்கு விசாரணை நடந்தது. அம்மாள் ரயிலை விட்டுவிட்டு அதில் உட்கார்ந்தார். ஜிஸ்மி எழுந்து, தான் போட்ட டிக் பொய் என்று ஒப்புக்கொண்டாள். அதே நாட்களில் மற்ற வார்டுகளிலும் விழுந்த டிக்குகளை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். யாரும் எண்ண விரும்பவில்லை. ஐந்து மணிக்கு மெமோ திரும்பப் பெறப்பட்டது. காரணம் என்ற இடத்தில் நிர்வாகம் எழுதியது: 'சாஃப்ட்வேர் கோளாறு.' மனிதன் செய்யும் எந்தக் கயமையையும் எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே வேலையாள் அந்த சாஃப்ட்வேர்தான்.

தரச் சான்றிதழ் ஆறு மாதம் தள்ளிப்போனது. போதிய நர்ஸ்களை நியமித்துக் காட்டினால் திரும்ப வருவதாக எழுதிவிட்டு அம்மாள் போனார். முதலில் ஒருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. இப்போது ஷிஃப்டுக்கு நாலு பேர். குஞ்சுவர்க்கியை இரண்டு மணிக்கொரு முறை நிஜமாகவே திருப்பினார்கள். ஜிஸ்மி ஜெர்மனி புறப்படும்வரை தன் ஷிஃப்டில் அந்த முதுகை வேறு யாரையும் தொட விடவில்லை. மகன் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, தோஹாவுக்குத் திரும்பாமல் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தான். அவனுக்கு இன்னும் எங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. அதில் தவறும் இல்லை.

ஆய்வு மறுபடி நெருங்கியபோது டின்டோவுக்கு ஒரு சிக்கல். அச்சாயன் இன்னும் படுத்திருந்தார். அழிக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பத்தான் முடியும். அனுப்ப வேண்டுமானால் இலக்கு எட்டப்பட்டதாகப் பொறுப்பு நர்ஸ் டிக் போட வேண்டும். இலக்கு, ஷிஃப்டுக்கு ஆறு நர்ஸ்.

டின்டோ இப்போது வார்டுக்கே வருவார், கைக்குட்டை இல்லாமல். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"சேச்சி, ஒரே ஒரு டிக். நாலு பேர் வந்தாச்சே. ஆறுக்குப் பக்கத்துலதானே?"

"இருப்பா, முதல்ல இவருக்குப் போடணும்."

அன்று குஞ்சுவர்க்கியின் புண் ஆறியிருந்தது. சோசம்மா ரோஸ் நிறத்தில் மூடியிருந்த புதுத் தோலை விரலால் அழுத்திப் பார்த்தார், அளவுநாடா வைத்தார், அளக்க ஒன்றும் இல்லை. திரைக்கு வந்து 'தோல் சேதம்' என்பதற்கு எதிரே 'குணமானது' என்று டிக் போட்டார். மகன் வந்து திரையை எட்டிப் பார்த்து, பிறகு அப்பன் முதுகையும் ஒரு முறை பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொண்டான்.

"இப்ப அச்சாயனுக்கு?" என்றார் டின்டோ.

சோசம்மா நாற்பத்து மூன்றைத் திறந்தார். டின்டோ ஸ்டூலின் நுனிக்கு வந்தார். சோசம்மா பலன் என்ற கட்டத்தில் ஒன்றாக இருந்த மதிப்பெண்ணை மூன்றாக்கினார். காரணம் என்ற கட்டத்தில், 'நோயாளிகள் 40, நர்ஸ்கள் 4' என்று தட்டினார்.

"முன்னேற்றம் இருக்கு சாரே. ஆனா இன்னும் ரெண்டு பேர் வரணும். அதுவரைக்கும் படுத்திருக்கட்டும்."

மணி இரண்டு. புதிதாக வந்த பெண்ணிடம் திரையைக் காட்டி, அச்சாயனுக்கு எங்கே எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு முண்டக்கயம் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.